ஐயத்திற்கு ஓர் எழுத்து

டாஸ் காலத்து மென்பொருள் ஒன்றை இன்றைய கணினியில் இயக்க முயல்வோர் முதலில் காண்பது ஒரே ஒரு வரியை: இதனை இக்கணினியில் இயக்க இயலாது. அந்த வரி காரணம் எதையும் சொல்வதில்லை. காரணத்தை அறிய நாற்பதாண்டுக் கால வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

1981இல் ஐபிஎம் தனிக்கணினியோடு வெளிவந்த டாஸ், 16 பிட் நுண்செயலிக்காக எழுதப்பட்டது. அதன் நிரல்கள் 640 கிலோபைட் நினைவகத்துக்குள் வாழப் பழகியவை. திரை, விசைப்பலகை, அச்சுப்பொறி ஆகியவற்றோடு இடையில் எவரும் இன்றி நேரடியாகப் பேசியவை. 1993இல் வந்த விண்டோஸ் என்டி அந்த நேரடிப் பேச்சுக்கு இடம் தரவில்லை. மாறாக, பழைய நிரல்கள் தாம் இன்னும் டாஸிலேயே இருப்பதாக எண்ணிக்கொள்ளும்படி மெய்நிகர் டாஸ் கணினி ஒன்றைத் தனக்குள் அமைத்துத் தந்தது. 32 பிட் விண்டோஸ் இருந்தவரை அந்த ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. 2003இல் தனிக்கணினிகளுக்கான 64 பிட் நுண்செயலிகள் வந்தபோது நிலைமை மாறிற்று. 64 பிட் நிலையில் இயங்கும்போது அவை, 16 பிட் நிரல்கள் குடியிருந்த அந்த மெய்நிகர் முறையை ஏற்பதில்லை. ஆகவே 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல்களுக்கு இடம் வைக்கப்படவில்லை. 2021இல் வெளியான விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே வந்தது. 32 பிட் வடிவமும் கொண்டிருந்த விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது.

இழப்பு ஒரே நாளில் நேர்ந்ததன்று. ஒவ்வொரு புதுப்பித்தலும் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டு போயிற்று. 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, திரையைக் கையாளும் முறையை மாற்றியமைத்தபோது டாஸ் நிரல்கள் முழுத்திரையில் இயங்கும் வசதி போயிற்று. அதற்கு முன்பே கணினியின் வேகம் ஒரு சிக்கலாகியிருந்தது. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதப்பட்ட பல நிரல்கள் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்து பார்க்கும். குறிப்பிட்ட ஒரு சிறு கால அளவுக்குள் வெற்றுச் சுழற்சி எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணி, அந்த எண்ணை வகுத்து, விடையை 16 பிட் இடத்தில் வைக்கும். 1990களின் பிற்பகுதியில் வந்த கணினிகளின் வேகத்துக்கு அந்த இடம் போதவில்லை. நிரலோ, 'சுழியால் வகுத்தல்' என்று பொருள்படும் 200ஆம் எண் பிழையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். உண்மையில் அங்கே சுழி எதுவும் இல்லை. விடை, கலத்தை மீறி வழிந்துவிட்டது, அவ்வளவே. மெதுவான கணினியில் ஓடிய நிரல் விரைவான கணினியில் ஓடவில்லை என்பது கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். ஆனால் அதுவே நடந்தது.

இவற்றுக்கு மாற்றுவழிகளும் உண்டு. 1994இல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ், பழைய டாஸுக்கு ஈடான கட்டற்ற இயங்குதளம். 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ், நுண்செயலி, திரை அட்டை, ஒலி அட்டை அனைத்தையும் மென்பொருளாகவே போலச் செய்துகாட்டுகிறது. அதில் கணினியின் வேகத்தையும் வேண்டுமளவு குறைத்துக்கொள்ளலாம். ஆயினும் டாஸ்பாக்ஸ் முதன்மையாக விளையாட்டுகளுக்காகப் பிறந்தது. அச்சிடுதல் போன்ற அலுவல் தேவைகளுக்கு அதன் கிளைவடிவமான டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்றவற்றை நாட வேண்டும். நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், தாம் டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0 கொண்டே எழுதுவதாக 2014இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் சொன்னபோது அது வேடிக்கைச் செய்தியாகப் பரவியது. டாஸ் என்றாலே விளையாட்டு ஆர்வலர்களின் ஏக்கம் அல்லது எழுத்தாளர் ஒருவரின் பிடிவாதம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் இரும்பு அலமாரிகளுக்குள் இருப்பது வேறு கதை.

1980களின் இறுதியிலிருந்து 1990கள் முழுவதும் இந்திய மொழியியல் துறைகளில் கணினி என்றால் டாஸ்தான். களப்பணியாளர்கள் சொற்குறிப்புத் தாள்களைச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கிவைக்கும் வழக்கத்தை நினைவூட்டும்படி பெயரிடப்பட்ட ஷூபாக்ஸ் என்னும் அகராதி மென்பொருளை எஸ்ஐஎல் நிறுவனம் டாஸுக்காக வெளியிட்டது. நூலகங்களில் யுனெஸ்கோவின் சிடிஎஸ்-ஐசிஸ் இருந்தது. இந்திய எழுத்துகளுக்கோ, கான்பூர் ஐஐடியில் வேர்கொண்டு புணேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் தொழில்நுட்பம் இருந்தது. ஜிஸ்ட் ஒரு மென்பொருள் மட்டுமன்று. அது கணினியின் உள்ளே செருகப்படும் ஓர் அட்டை. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட நிரல் திரைக்கு அனுப்பும் எண்களை இடைமறித்து, அவற்றைத் தேவநாகரியாகவோ வங்க எழுத்தாகவோ தமிழாகவோ வரைந்து காட்டும். அந்த அட்டையைச் செருகுவதற்கான துளை இன்றைய கணினிகளில் இல்லை.

அட்டை இல்லாமல் அந்தக் கோப்புகளைத் திறந்தால் என்ன தெரியும்? 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட இஸ்கி குறியாக்கத்தில் ககரத்தின் எண் 179. தேவநாகரி, வங்கம், தமிழ் எதுவாயினும் அதே எண்தான். ஐபிஎம் கணினியின் இயல்பான எழுத்து அட்டவணையிலோ 179 என்பது அட்டவணை வரையப் பயன்படும் ஒரு செங்குத்துக் கோடு. ஆகவே ககரம் இருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரு கோடு நிற்கும். மகரத்தின் எண்ணாகிய 204, கிளை பிரியும் ஓர் இரட்டைக் கோடு. ஒரு முழு நாட்டுப்புறக் கதையும் வேலியும் கம்பியுமாகத் திரையில் விரியும். எனினும் இஸ்கி வெளிப்படையாக அச்சிடப்பட்ட ஒரு தரம். எந்த எண் எந்த எழுத்து என்பது எவருக்கும் தெரியும். யூனிகோடின் இந்திய எழுத்துப் பகுதிகளும் இஸ்கியின் வரிசையையே அடியொற்றியவை. மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தில் இஸ்கி வடிவில் இருந்த தரவகங்கள், லங்காஸ்டர் பல்கலைக்கழகம் பங்கேற்ற எமில் திட்டத்தின்வழி யூனிகோடுக்கு மாற்றப்பட முடிந்தது அதனால்தான். சிடிஎஸ்-ஐசிஸ் பதிவுகளும் பெரும்பாலும் தப்பும் வாய்ப்புடையவை. அம்மென்பொருள் ஐஎஸ்ஓ 2709 என்னும் பொது வடிவில் தரவுகளை வெளியேற்றும் வாயிலைத் தொடக்கத்திலிருந்தே திறந்து வைத்திருந்தது.

வாயில் இல்லாத வீடுகளைப் பற்றியே கவலை. கிழக்கிந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருடைய மால்ட்டோ அகராதி அத்தகையது. மால்ட்டோ, இன்றைய ஜார்க்கண்டின் ராஜ்மகல் குன்றுகளில் பேசப்படும் திராவிட மொழி. பேராசிரியர் 1990களில் அங்கே களப்பணி செய்தபோது அப்பகுதி பீகாரில் இருந்தது. தமிழில் 'கண்' என்று தொடங்கும் சொல் மால்ட்டோவில் உள்நாக்குக்கு அருகே, தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் ஒரு வல்லொலியோடு தொடங்குகிறது. மூலத் திராவிடக் ககரம் மால்ட்டோவிலும் அதன் உடன்பிறப்பாகிய குடுக் மொழியிலும் பின்னோக்கி நகர்ந்தது, இகர ஈகாரங்களுக்கு முன் மட்டும் பழைய ககரம் நிலைத்தது என்பது திராவிட ஒப்பிலக்கணத்தில் நிலைபெற்ற விதி. இரண்டு ககரங்களையும் உயிர்களின் குறில் நெடிலையும் பிரித்துக் காட்டாத மால்ட்டோ அகராதியால் எவருக்கும் பயனில்லை.

அந்தக் காலத்தில் அதற்கான எழுத்துகளை அவரே உண்டாக்க வேண்டியிருந்தது. துறையின் கணினிக்கூடத்தில் பணிபுரிந்த நிரலர் ஒருவர் டர்போ பாஸ்கலில் அகராதி நிரல் ஒன்றை எழுதித் தந்தார். எழுத்துகளைப் பேராசிரியர் கட்டத்தாளில் வரைந்தார். ஒவ்வோர் எழுத்தும் 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். அவ்வாறு 256 எழுத்துகள் சேர்ந்த கோப்பின் அளவு சரியாக 4,096 பைட். அகராதி தொடங்குமுன் ஒரு சிறு நிரல் இந்தக் கோப்பைத் திரை அட்டையின் நினைவகத்தில் ஏற்றும். அதன்பின் திரையில் மால்ட்டோ தோன்றும். முழுத்திரையில் மட்டுமே தோன்றும் என்பது பின்னாளில் பெரும் நிபந்தனையாயிற்று. 200ஆம் எண் பிழை வந்தபோது மாணவர் ஒருவர் அதற்கான ஒட்டுத்திருத்தத்தைத் தேடிப் பொருத்தினார். விஸ்டா வந்தபோது அதற்கு மாற்றுவழி கிடைக்கவில்லை. பேராசிரியர் விண்டோஸ் எக்ஸ்பியிலேயே நின்றுவிட்டார். 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றது. அவர் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தொடர்ந்து எழுதினார். அறிந்தவர் பலரும் அதைப் பிடிவாதம் என்றனர். பத்தாண்டுகளுக்கு மேல் அந்தப் பிடிவாதமே ஒரு மொழியின் அகராதியைக் காத்தது.

மழைக்கால இடி ஒன்று அந்தக் கணினியின் தாய்ப்பலகையைக் கருக்கியது. வன்தட்டு தப்பித்தது. அதே துறையில் குடுக் மொழியின் வினைவடிவங்களை ஆய்ந்துகொண்டிருந்த ஆய்வு மாணவி ஒருத்தி, வன்தட்டிலிருந்து கோப்புகளை முழுமையாகப் படியெடுத்தாள். அகராதிக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பாகவே இருந்தது. எந்தத் தொகுப்பானிலும் திறந்தது. ஆங்கிலப் பொருள்கள் தெளிவாகத் தெரிந்தன. மால்ட்டோச் சொற்கள் மட்டும் கோடுகளும் மூலைகளுமாக இருந்தன. எழுத்துக் கோப்பு கையில் இருந்தபடியால், அந்த 4,096 பைட்டுகளைப் புள்ளிகளாக விரித்து, எந்த எண்ணில் எந்த வடிவம் என்று பட்டியலிடுவது ஒரு மாலைப்பொழுதின் வேலை. பட்டியல் முடிந்ததும் ஒரு சிறிய நிரல் எழுதி முழு அகராதியையும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்பதே அவளுடைய திட்டம். பழைய நிரலை இயக்கிப் பார்க்க வேண்டிய தேவை இருப்பதாக முதலில் எவருக்கும் தோன்றவில்லை.

பட்டியலில் ஓர் எழுத்து நெருடியது. அகரத்தின் மேல் நெடிலைக் குறிக்கும் கிடைக்கோடு, ஆனால் கோட்டின் நடுவே ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. நெடில் அகரத்துக்குத் தனியே ஓர் எண் ஏற்கெனவே இருந்தது. இந்த வடிவம் அகராதி முழுவதிலும் 11 தலைச்சொற்களில் மட்டுமே வந்தது. கட்டத்தாளில் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்த பிழை என்று கொள்வதே இயல்பு. அவ்வாறு கொண்டால் அந்தப் பதினொன்றும் நெடிலாகிவிடும்.

அதற்குமுன் அவள் டாஸ்பாக்ஸில் அந்த நிரலை ஓடவிட்டாள். டாஸ்பாக்ஸ் பழைய திரை அட்டையைப் போலச் செய்வதால், எழுத்தேற்றும் நிரல் தான் இன்னும் 1990களில் இருப்பதாகவே எண்ணி வேலை செய்தது. நீலத் திரையில் மால்ட்டோச் சொற்கள் வரிசையாக எழுந்தன. அந்த வரிசைதான் உண்மையைச் சொல்லிற்று. நிரல் குறில் சொற்களை முதலிலும் நெடில் சொற்களை அடுத்தும் அடுக்கியது. கோடு உடைந்த எழுத்தைக் கொண்ட பதினொன்றும் குறில்களுக்கு நடுவே இருந்தன. எழுத்துகளின் வரிசைமுறையைப் பேராசிரியர் சொல்ல, அதை நிரலர் நிரலுக்குள்ளேயே பதித்திருந்தார். எழுத்துக் கோப்பில் அது இல்லை, அகராதிக் கோப்பிலும் இல்லை. நிரல் ஓடும்போது மட்டுமே அது கண்ணுக்குத் தெரிந்தது. அது வரைதல் பிழையன்று, ஒரு முடிவு.

பேராசிரியரிடம் கேட்டபோது அவர் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். அவருக்குச் சொற்களைத் தந்தவர்களில் ஒரே வீட்டைச் சேர்ந்த இரு பெண்கள் இருந்தனர். ஒருவர் மாமியார். மற்றவர் குன்றின் மறுபக்கத்து ஊரிலிருந்து மணமாகி வந்த மருமகள். சில சொற்களை மாமியார் குறிலாகச் சொல்வார், மருமகள் நெடிலாகத் திருத்துவார். இருவரும் விட்டுக்கொடுத்ததில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லத் தமக்கு உரிமை இல்லை என்று பேராசிரியர் கருதினார். அதனால் அந்த ஐயத்துக்கென்றே ஓர் எழுத்தை வரைந்துகொண்டார். அப்படியானால் அந்தச் சொற்களைக் குறில் வரிசையில் வைத்தது ஏன் என்று மாணவி கேட்டாள். வீடு மாமியாருடையதாயிற்றே என்றார் பேராசிரியர்.

அந்தப் பதினொரு சொற்களும் நெடிலாக மாற்றப்பட்டிருந்தால் அகராதியில் எந்தப் பிழையும் கண்ணுக்குத் தெரிந்திராது. குன்றின் இரு பக்கங்களிலும் உயிர்நீளம் வேறுபட்டிருக்கலாம் என்னும் செய்தி மட்டும் மறைந்திருக்கும். வட்டார வழக்கு ஆய்வாளர் ஒருவர் என்றேனும் ராஜ்மகலுக்குச் செல்வாரானால் அவருக்குத் தேவைப்படும் முதல் தடயம் அது. மாமியாராக இருந்த பெண் இன்று உயிருடன் இல்லை. அவருடைய உச்சரிப்புக்கு எஞ்சியிருக்கும் சான்று, 8 புள்ளி அகல வடிவத்தில் விடப்பட்ட ஒரு வெற்றுப் புள்ளி.

தரவு இருந்தும் படிக்க இயலாமற்போவது இந்தியாவுக்குப் புதிதன்று. மராட்டி மொழி நூற்றாண்டுகளாக மோடி எழுத்தில் எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அது பொதுவழக்கிலிருந்து மறைந்தது. புணேயின் பேஷ்வா தஃப்தரில் மோடி ஆவணங்கள் மலைபோல் குவிந்துள்ளன. தஞ்சை மராட்டிய அரசின் ஆவணங்களிலும் அந்த எழுத்து உண்டு. தாள் அழியவில்லை, மையும் மங்கிவிடவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள்தாம் அருகிவிட்டனர். ஆயினும் மோடி எழுத்தை ஒரு சமூகமே பயன்படுத்தியதால் அதனைக் கற்பிக்கும் நூல்கள் இருக்கின்றன, பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. 1990களின் களப்பணியாளர் ஒருவர் தமக்காக வரைந்துகொண்ட எழுத்து முறைக்கு அவர் ஒருவரே ஆசிரியர், அவர் ஒருவரே மாணவர். அவருக்குப் பின் அதைக் கற்பிக்க எவரும் இல்லை. எழுத்து வழக்கொழிய மோடிக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இங்கே ஒரு தாய்ப்பலகை கருகும் நேரமே போதும்.

நிறுவனங்களின் கவனம் வேறிடத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின், முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படிகள் சோத்கங்கா களஞ்சியத்தில் சேர்கின்றன. அது பெரும் பணி. ஆனால் அங்கே சேர்வது ஆய்வேடு. ஆய்வேடு எந்தத் தரவின்மேல் நிற்கிறதோ அது ஆய்வாளரின் வீட்டிலோ நெறியாளரின் அலமாரியிலோ தங்கிவிடுகிறது. ஒரு மொழியைப் பற்றிய முடிவுகள் காக்கப்படுகின்றன. அம்மொழியைப் பேசியவர்களின் சொற்கள் நெகிழ்வட்டுகளில் கிடக்கின்றன. முடிவுகளை மறுபரிசீலனை செய்ய விரும்பும் அடுத்த தலைமுறைக்குத் தேவைப்படுவது இரண்டாவதுதான்.

பழைய நிரலை இயக்குவதும் தரவைப் புதிய வடிவுக்கு மாற்றுவதும் ஒன்றுக்கொன்று மாற்றான வேலைகள் என்று கருதப்படுகின்றன. மால்ட்டோ அகராதி காட்டுவது வேறு. முதலாவது இல்லாமல் இரண்டாவதைச் சரிபார்க்க வழியில்லை. வரிசைமுறை, சுருக்கக் குறிகள், எந்தப் புலம் கட்டாயம், எந்தப் புலம் விருப்பம் என்னும் விதிகள் யாவும் ஆய்வாளரின் சிந்தனைகள். அவற்றில் பல தரவுக் கோப்பில் எழுதப்படவில்லை, நிரலின் நடத்தையில்தான் தங்கியிருக்கின்றன. ஆதலால் செய்ய வேண்டியவற்றுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வட்டையோ வன்தட்டையோ முதலில் முழுமையாகப் படியெடுத்து, அந்தப் படியை எவரும் திருத்தாதபடி ஒதுக்கி வைக்க வேண்டும். தரவுக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு நிரலையும் எழுத்துக் கோப்பையும் தொடக்க ஆணைக் கோப்புகளையும் குப்பை என்று விட்டுவிடக் கூடாது. பிறகு அதனைப் போலி டாஸில் இயக்கி, திரைகளைப் படமெடுத்து வைக்க வேண்டும். எண்ணுக்கு எழுத்து என்னும் பட்டியலை அதன்பின் உண்டாக்கி, யூனிகோடில் நிகர் இல்லாத ஒவ்வொன்றையும் உரியவரிடம் கேட்டு எழுத வேண்டும். கேட்பதற்கு உரியவர் இருக்கும்போதே அது நடந்தாக வேண்டும். தொழில்நுட்பம் காத்திருக்கும். முப்பது ஆண்டு கழித்தும் டாஸ்பாக்ஸ் போன்ற ஒன்றை எவரேனும் எழுதிவிடுவர். கோடு ஏன் உடைந்தது என்பதை அப்போது சொல்ல எவரும் இருக்கமாட்டார்.

மால்ட்டோ அகராதியின் புதிய வடிவத்தில் உடைந்த கோட்டுக்கு எழுத்து இல்லை. அந்தப் பதினொரு சொற்களும் குறிலாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்புப் புலம் சேர்க்கப்பட்டுள்ளது. இரண்டு உச்சரிப்புகளும், எந்த உச்சரிப்பு குன்றின் எந்தப் பக்கத்தது என்பதும் அதில் உள்ளன. பழைய நிரலும் 4,096 பைட் கோப்பும் அகராதியோடு ஒரே உறையில் துறை நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றை இயக்கும் முறை ஒரு பக்கத் தாளில் அச்சிடப்பட்டு உடன் இருக்கிறது.

அதே துறையின் அலமாரிகளில் பெயர்ச்சீட்டு உதிர்ந்த வட்டுகள் இன்னும் பல உள்ளன. பிற துறைகளிலும் இருக்கும். ஓய்வுபெற்றோரின் வீடுகளில் இருப்பவற்றைக் கணக்கெடுத்தவர் எவரும் இல்லை. இந்த ஆண்டு ஆய்வில் சேர்ந்திருக்கும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் துறையில் ஓர் அலமாரியைத் திறந்து, ஒரு மூத்தவரிடம் ஒரு பிற்பகல் அமர்ந்து கேட்டால், அந்தக் கணக்கெடுப்பு தொடங்கிவிடும்.